ஸ்பாஹ்பெத்: சொல் விளக்கம்

ஈரானின் பதவிப் பெயர்களில் 'செபாஹ்பொத்' என்பது மிக உயர்ந்த வரிசையில் வருவது. லெப்டினன்ட் ஜெனரலுக்கு நிகரான பதவி. 2020 ஜனவரியில் கொல்லப்பட்ட ஈரானியப் படை அதிகாரி காசிம் சுலைமானிக்கு மரணத்துக்குப் பின் இந்தப் பதவியைத்தான் அளித்தார்கள். கேட்கப் புதிதாகத் தோன்றினாலும் சொல் மிகப் பழையது. இஸ்லாமுக்கு முன் ஈரானை ஆண்ட சாசானியப் பேரரசின் நடுக்காலப் பாரசீக மொழியில் இதன் வடிவம் ஸ்பாஹ்பெத்.

ஸ்பாஹ் என்றால் படை. பெத் என்றால் தலைவன். இன்னும் முந்தைய ஈரானிய வடிவம் 'ஸ்பாத-பதி'. இந்தப் பதியும் வடமொழிப் பதியும் ஒரே மூலத்தில் பிறந்தவை. ஆகவே சேனாபதி, தளபதி என்று நாம் வழங்கும் சொற்களும் ஸ்பாஹ்பெத்தும் ஒரே அச்சில் வார்த்தவைதாம். சரதுஷ்டிர சமயக் குருவைக் குறிக்கும் 'மோபெத்' என்பதிலும் இதே பெத் நிற்கிறது. ஆர்மீனியர்கள் இந்தச் சொல்லை எடுத்து 'ஸ்பாரபெத்' ஆக்கிக்கொண்டார்கள். 451இல் அவராயிர் போர்க்களத்தில் சாசானியப் படையை எதிர்த்து உயிர்விட்ட வர்தான் மாமிகோனியன் ஒரு ஸ்பாரபெத். ஈரானிய மொழியிலிருந்து வந்த பதவிப் பெயரைச் சுமந்துகொண்டே பாரசீகத்தோடு போரிட்டவர் அவர்.

சொல்லின் முதற்பாதி நமக்கு அந்நியமானதல்ல. ஸ்பாஹ் பிற்காலத்தில் 'சிபாஹ்' ஆயிற்று. படையைச் சேர்ந்தவன் 'சிபாஹி' ஆனான். அதுவே இந்துஸ்தானி வழியாகத் தமிழுக்கு வந்து சிப்பாய் என்று நிலைத்தது. 1806இல் வேலூர்க் கோட்டையில் எழுந்த சிப்பாய்க் கலகத்தின் பெயரில் இருப்பதும், ஈரானியர் தங்கள் புரட்சிக் காவல்படையைச் சுருக்கமாக 'செபாஹ்' என்று அழைப்பதும் இந்த ஒரே வேர்ச்சொல்தான்.

பதவியின் பொருள் ஒரே நிலையில் இருக்கவில்லை. முதலில் பேரரசு முழுவதற்கும் 'ஏரான்-ஸ்பாஹ்பெத்' என்று ஒருவரே இருந்தார். ஒருவர் கையில் அவ்வளவு படை குவிவது அரியணைக்கு ஆபத்து. அரசர் முதலாம் குஸ்ரோ (531–579) அந்தப் பதவியை நான்காகப் பிரித்து, திசைக்கு ஒரு ஸ்பாஹ்பெத்தை அமர்த்தினார். இந்தப் பிரிவினைச் செய்தி பிற்கால நூல்களில் மட்டுமே கிடைத்ததால், இது கட்டுக்கதையோ என்ற ஐயம் ஆய்வாளரிடம் நெடுங்காலம் இருந்தது. அதைத் தீர்த்தவை களிமண் முத்திரைப் பதிவுகள். ஆய்வாளர் ரிகா கிசெலன் 2001இல் அவற்றை வெளியிட்டார். கவசம் பூண்ட குதிரைவீரன் உருவம். அதைச் சுற்றிப் பெயர், பதவி, திசை. அழியும் தோலிலும் துணியிலும் எழுதிய ஆவணங்கள் போய்விட்டன, அவற்றை மூடி முத்திரையிட்ட மண் மிஞ்சியது.

அப்படிப் பிரித்தும் அரியணைக்கு வந்த ஆபத்து தீரவில்லை என்பதற்குப் பஹ்ராம் சோபினின் வாழ்க்கையே சான்று. ரேய் நகரைச் சேர்ந்த மிஹ்ரான் குடும்பத்தவர். 'சோபின்' என்றால் மரத்தாலானவர். நெட்டையாக, ஒடிசலாக இருந்ததால் வந்த பட்டப்பெயர் என்பார்கள். ரோமானியரின் தாரா கோட்டை முற்றுகையில் குதிரைப்படையை நடத்திப் பெயர் வாங்கி, வடதிசையின் ஸ்பாஹ்பெத் ஆனார். 588இல் துருக்கியர் கிழக்கே படையெடுத்து வந்தபோது, பன்னிரண்டாயிரம் வீரர்களை மட்டும் பொறுக்கியெடுத்துச் சென்று அவர்களை முறியடித்தார் என்று பழைய வரலாறுகள் சொல்கின்றன. நாடே அவர் பெயரைச் சொன்னது. அரசர் நான்காம் ஹொர்மிஸ்துக்கு அது பிடிக்கவில்லை.

மறு ஆண்டு அராக்ஸ் ஆற்றுப் பக்கம் ரோமானியரிடம் பஹ்ராம் ஒரு சண்டையில் தோற்றார். அதைச் சாக்காக வைத்து அரசர் அவரைப் பதவிநீக்கம் செய்து, பெண்கள் உடுத்தும் ஆடையை அனுப்பினாராம். நூல் நூற்கும் கதிரும் உடன் போயிற்று என்பது பாரசீக மரபு. ஒரு படைத்தலைவனுக்கு இதைவிடப் பெரிய இழிவு இல்லை. பஹ்ராம் அதை மறைக்காமல் தன் வீரர்களிடமே காட்டினார், படை கொதித்தெழுந்தது. அந்தக் கிளர்ச்சி தலைநகரை எட்டும் முன்பே, 590இல், ஹொர்மிஸ்தின் மைத்துனர்களே அரசரைக் குருடாக்கி வீழ்த்தினார்கள். பின்னர் அவர் கொல்லப்பட்டார். மகன் இரண்டாம் குஸ்ரோ ரோமானியரிடம் அடைக்கலம் தேடி ஓட, பஹ்ராம் தலைநகர் தெசிஃபோனில் முடிசூடித் தன் பெயரில் காசும் அடித்தார்.

ஆனால் அவர் சாசான் வழிவந்தவர் அல்லர். மிஹ்ரான் குடும்பம் தங்களைச் சாசானியருக்கு முன் ஈரானை ஆண்ட பார்த்திய அர்சாக்கிய மரபினர் என்று சொல்லிக்கொண்டது. பிரபுக்களில் பலர் அதை அரசுரிமையாக ஏற்கவில்லை. எத்தனை வெற்றி பெற்றாலும் ஸ்பாஹ்பெத் அரசன் ஆக முடியாது என்ற எண்ணம் அவ்வளவு ஊறியிருந்தது. 591இல் ரோமானியப் பேரரசர் மாரிஸ் கொடுத்த படையோடு குஸ்ரோ திரும்பிவந்து கன்சக் அருகே அவரைத் தோற்கடித்தார். பஹ்ராம் துருக்கியரிடம் ஓடி அங்கேயே கொலையுண்டார். மூன்று நூற்றாண்டு கழித்து நடு ஆசியாவை ஆண்ட சாமானியர் தாங்கள் அவர் வழித்தோன்றல்கள் என்று பெருமை பேசினார்கள். தோற்றவர்களுக்கு இப்படி ஒரு மரியாதை அரிதாகத்தான் வாய்க்கும்.

சாசானியர் வீழ்ந்த பின்னும் காஸ்பியன் கடலோரத் தபரிஸ்தான் மலைநாட்டு அரசர்கள் 'இஸ்பஹ்பத்' பட்டத்தை விடாமல் சூடிக்கொண்டார்கள். அங்கே சொல் படைத்தலைவனை விட்டு நாடாள்பவனைக் குறிக்கத் தொடங்கியிருந்தது.

இதற்குத் தமிழில் என்ன எழுதுவது? தளபதி என்பதைப் பிரிகேடியர் முதல் ஜெனரல் வரை எல்லோருக்கும் போட்டுவிடுகிறோம், கட்சி மேடையிலும் அதே சொல். தண்டநாயகன் கல்வெட்டுகளில் உண்டு, அதுவும் வடசொல்லே. ஏனாதி சங்ககாலப் பட்டம். அரசன் மோதிரம் அளித்துச் சிறப்பித்த தமிழ் மரபு அதனோடு ஒட்டியிருப்பதால் பாரசீகத்தானுக்குப் பொருந்தாது. படைத்தலைவர் என்பதே நேரான சொல். ஸ்பாஹ் படை, பெத் தலைவர். உறுப்புக்கு உறுப்பு ஒத்துவருகிறது. ஏரான்-ஸ்பாஹ்பெத்தைப் பெரும்படைத்தலைவர் என்றும், குஸ்ரோவுக்குப் பிந்தைய நால்வரைத் திசைப்படைத்தலைவர் என்றும் எழுதலாம். பஹ்ராம் சோபின் வடதிசைப் படைத்தலைவர். தபரிஸ்தான் அரசர்களுக்கு மட்டும் மொழிபெயர்ப்பு வேண்டாம். அங்கே 'இஸ்பஹ்பத்' அரச பட்டம், அப்படியே விட்டுவிடுவதே முறை.