கடல் தேய்த்த குப்பை

கலிஃபோர்னியாவின் வடகரையில் உள்ள ஃபோர்ட் பிராக் என்ற சிற்றூரின் கண்ணாடிக் கடற்கரையைப் பார்க்க உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். கூழாங்கற்களோடு கலந்து பச்சையும் பழுப்பும் வெள்ளையுமாகக் கிடக்கும் அந்தத் துண்டுகள் அனைத்தும் ஊரார் வீசியெறிந்த குப்பை. கரையின் ஒரு பகுதி இன்று மாநிலப் பூங்கா; அங்கிருந்து அவற்றை எடுத்துச் செல்வதற்குத் தடை இருக்கிறது!

1857-இல் ராணுவ முகாமாகத் தொடங்கிய இந்த இடம், ரெட்வுட் காடுகளை நம்பி மர அறுவை ஊராக வளர்ந்தது. யூனியன் லம்பர் கம்பெனியின் ஆலை கடலோரத்தையே வளைத்துப்போட்டிருந்ததால், ஊர் கடலுக்குப் பக்கத்தில் இருந்தும் ஊராருக்குக் கடல் எட்டாமலே இருந்தது. 1906 ஏப்ரல் 18-ஆம் தேதி நிலநடுக்கம் சான் பிரான்சிஸ்கோவைச் சாய்த்தபோது இங்கும் கட்டடங்கள் இடிந்தன. அந்த ஆண்டிலேயே ஆலையின் பின்புறப் பாறைச் சரிவில் குப்பை கொட்டும் வழக்கம் தொடங்கியது. ஓரிடம் நிரம்பினால் அடுத்த இடம்: 1943 வரை ஒன்று, 1949 வரை இன்னொன்று, 1967 வரை மூன்றாவது. பாட்டில், தகர டப்பா, வீட்டுச் சாமான், பழைய கார் என எல்லாம் அங்கே போய் விழுந்தன. மேடு உயர்ந்தால் தீ வைத்துக் குறைத்தார்கள்.

எரிவது எரிந்தது, இரும்பு துருப்பிடித்துக் கரைந்தது. கண்ணாடி மட்டும் தங்கியது. பிளாஸ்டிக் எங்கும் பரவுவதற்கு முன்பே கொட்டுவது நின்றது இந்தக் கடற்கரையின் அதிர்ஷ்டம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

உடைந்த கண்ணாடியின் முனை கத்தியைப் போல் கூரானது. ஆனால் கடினத்தில் அது குவார்ட்ஸ் மணலுக்குச் சற்றுக் கீழே: மோஸ் அளவுகோலில் கண்ணாடி ஏறக்குறைய 5.5, குவார்ட்ஸ் 7. பசிபிக் அலை ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் துண்டுகள் மணலோடும் கற்களோடும் உருண்டு உரசுகின்றன. முனைகளில் பட்ட பரப்பு குறைவு, அழுத்தம் அதிகம், ஆகவே அவையே முதலில் மழுங்குகின்றன. கண்ணாடியின் அடர்த்தியும் குவார்ட்ஸின் அடர்த்தியும் ஏறக்குறைய ஒன்று. அதனால் கண்ணாடி தனியே ஒதுங்கிவிடாமல் சரளைக்கற்களோடே புரள்கிறது. பாறை முனைகளுக்கு நடுவே ஒடுங்கிய சிறு குடாக்கள் அதை ஆழ்கடலுக்கு எளிதில் விடுவதில்லை. திறந்த நீண்ட கரையாக இருந்திருந்தால் பாதிக்கு மேல் எங்கோ போயிருக்கும்.

வழவழப்பு உரசலால் வந்தது. பனிமூட்டம் படர்ந்தது போன்ற மங்கலுக்கு வேதியியலுக்கும் பங்குண்டு. சாதாரணப் பாட்டில் கண்ணாடி மணல், சோடா, சுண்ணாம்பு சேர்ந்தது. நீரில் நெடுங்காலம் கிடந்தால் மேற்பரப்பிலிருந்து சோடியம் மெல்ல வெளியேறி, அதன் இடத்தில் நீரின் ஹைட்ரஜன் நுழைகிறது. உரசல் செய்த நுண்குழிகளும் இந்த அரிப்பும் சேர்ந்து ஒளியைச் சிதறடிக்கின்றன. துண்டை நனைத்தால் மங்கல் மறைந்து நிறம் பளிச்சிடும். ஒளி எவ்வளவு வளையும் என்பதைக் காட்டும் ஒளிவிலகல் எண் கண்ணாடிக்குச் சுமார் 1.5, நீருடையது 1.33, காற்றுடையது 1. குழிகளில் காற்றுக்குப் பதில் நீர் நிரம்பியதும் இந்த எண்களுக்கு இடையிலான வேறுபாடு குறைந்து சிதறலும் குறைகிறது. ஈரத்தில் கண்டு மயங்கி எடுத்த துண்டு, காய்ந்ததும் ஏமாற்றுவது இதனால்தான்.

நிறங்கள் பழைய வீடுகளின் அலமாரிகளைக் காட்டிக்கொடுக்கின்றன. பழுப்பு என்றால் பெரும்பாலும் பீர் பாட்டில். நீலத்துக்குக் கோபால்ட் காரணம். சிவப்பு அரிது, அவற்றில் சில பழைய கார்களின் பின்விளக்குகள்.

1967-இல் மாநில நீர்வள வாரியம் கொட்டுவதை நிறுத்தியது. துப்புரவுப் பணிகளுக்குப் பின், 2002-இல் மூன்றாவது இடம் மெக்கெரிச்சர் மாநிலப் பூங்காவில் சேர்ந்தது. அதே ஆண்டில் மர ஆலையும் மூடப்பட்டது.

சிக்கல் என்னவென்றால், கண்ணாடியைச் செதுக்கிய அலை ஓய்வதில்லை. துண்டுகள் தேய்ந்து மணலாகின்றன; தடையையும் மீறிச் சட்டைப்பைகளில் போகின்றன. புதிதாகக் கண்ணாடி கொட்டலாம் என்ற யோசனையும் எழுந்தது, நகராட்சி ஏற்கவில்லை. நிறையக் கண்ணாடி பார்க்க விரும்புவோர் பூங்காவைவிட அதற்குத் தெற்கே உள்ள பழைய இரு இடங்களுக்கே போகிறார்கள். அதற்கான நடைபாதை, ஆலை நின்ற அந்தக் கடலோர நிலத்தின் வழியாகவே போகிறது.