அப்டேட்டுக்குப் பிறகு டி டிரைவ் ஏன் திறக்க மறுக்கிறது?

"லினக்ஸை அப்டேட் செய்தேன். நேற்றுவரை திறந்த டி டிரைவ் இன்று திறக்கவில்லை. 'ராங் எஃப்எஸ் டைப், பேட் ஆப்ஷன், பேட் சூப்பர்பிளாக்' என்று வருகிறது. ஹார்ட் டிஸ்க் போய்விட்டதா?" ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

பெரும்பாலும் போயிருக்காது. முதலில், யார் சொன்னாலும் ஃபார்மட் செய்யாதீர்கள்.

அந்தப் பிழைச் செய்தியைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. மவுன்ட் செய்ய, அதாவது டிரைவைக் கணினியோடு இணைத்துத் திறக்க, முடியாதபோது லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் திருப்பித் தருவது ஒரு எண் மட்டுமே. இங்கே அது 22, அதாவது "செல்லாத கோரிக்கை". அந்த எண்ணுக்கு என்னென்ன காரணம் இருக்கலாமோ அத்தனையையும் மவுன்ட் கட்டளை ஒரே வரியில் அடுக்கிவிடுகிறது. உண்மையான காரணம் கர்னலின் பதிவேட்டில் இருக்கிறது. டெர்மினலைத் திறந்து, நிர்வாகி அனுமதி தரும் 'சூடோ' போட்டு, டி-எம்-இ-எஸ்-ஜி என்ற ஐந்தெழுத்துக் கட்டளையைக் கொடுங்கள். கடைசி சில வரிகளில் "வால்யூம் இஸ் டர்ட்டி, ஃபோர்ஸ் ஃபிளாக் இஸ் நாட் செட்" என்று இருந்தால் விடை கிடைத்துவிட்டது. கர்னலுக்குக் காரணம் தெரிந்திருந்தும் திரையில் அது வராதது பெரிய குறை என்பது என் கருத்து. அந்த ஒரு வரி தெரியாததால் எத்தனையோ பேர் நல்ல டிஸ்க்கை அழித்துவிடுகிறார்கள்.

'டர்ட்டி' என்பது, விண்டோஸ் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறையான என்டிஎஃப்எஸில் அமைந்த பார்ட்டிஷனுக்குள் (டிஸ்க்கின் ஒரு பகுதி) இருக்கும் ஒரே ஒரு பிட். "இங்கே ஒரு வேலை முடியாமல் நிற்கிறது, சரிபார்க்காமல் தொடாதே" என்பது அதன் பொருள். லினக்ஸில் நெடுங்காலம் பயன்பட்ட என்டிஎஃப்எஸ்-3ஜி டிரைவர் (இந்த முறையைப் படித்து எழுதும் மென்பொருள்) இந்தப் பிட்டைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. 2021 அக்டோபரில் வெளிவந்த கர்னல் 5.15இல் என்டிஎஃப்எஸ்3 என்ற புதிய டிரைவர் சேர்ந்தது. பிட் விழுந்திருந்தால், எழுதும் வசதியோடு டிரைவைத் திறக்க இது அனுமதிக்காது. ஆகவே அப்டேட் டிஸ்க்கைக் கெடுக்கவில்லை. பழைய டிரைவர் கண்டுகொள்ளாமல் விட்டதைப் புதியது தடுக்கிறது, அவ்வளவுதான்.

அந்த வேலை ஏன் முடியாமல் நிற்கிறது? மின்வெட்டு, மவுன்ட்டை எடுக்காமல் உருவிய வெளி டிஸ்க் என்று பல காரணங்கள் உண்டு. விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் அவற்றில் தனி ரகம், கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது.

விண்டோஸ் 8 முதல், 'ஷட் டவுன்' கொடுத்தால் கணினி முழுதாக அணைவதில்லை. உங்கள் செயலிகள் மூடப்படும். ஆனால் விண்டோஸ் கர்னல் தன் நினைவகத்தை அப்படியே ஹைபர்ஃபில் என்ற கோப்பில் எழுதிவிட்டுத் தூங்கப் போகிறது. அந்த நினைவில் டிஸ்க்கின் வரைபடமும் இருக்கிறது. என்டிஎஃப்எஸ் இடத்தை வழக்கமாக 4 கேபி கிளஸ்டர்களாகப் பிரிக்கும். 1 டிபி டிஸ்க்கில் அப்படிச் சுமார் 24 கோடி கிளஸ்டர்கள். ஒவ்வொன்றும் காலியா, நிரம்பியதா என்பதற்கு ஒரு பிட் வீதம் சுமார் 30 எம்பி அளவில் ஒரு பிட்மேப். டிஸ்க்கில் இருக்கும் இந்தப் பிட்மேப்பின் துண்டுகள் தூங்கும் விண்டோஸின் நினைவிலும் தங்கியிருக்கும்.

ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேலாளர் முன்பதிவுப் பேரேட்டை மனப்பாடம் செய்துவிட்டுத் தூங்குகிறார். அதற்குள் இன்னொருவர் வந்து ஆவணி 15ஐ ஒரு குடும்பத்துக்கு எழுதிக் கொடுக்கிறார். விழித்த மேலாளர் பேரேட்டைப் புரட்டுவதில்லை. புரட்டிக்கொண்டிருந்தால் வேகமாகத் தொடங்க முடியாதே! தன் நினைவில் 15 காலி என்பதால் அதை வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுகிறார். டிஸ்க்கில் நடப்பதும் இதுதான். லினக்ஸ் எழுதிய படங்களின் மேலேயே விண்டோஸ் எழுதிவிடும். கோப்புப் பட்டியலே சிதையலாம். பழைய டிரைவர்கூட இந்தத் தூக்கத்தைக் கண்டுகொண்டால், "மெட்டாடேட்டா விண்டோஸ் கேஷில் இருக்கிறது" (டிஸ்க்கின் வரைபடம் விண்டோஸின் நினைவில் இருக்கிறது) என்று சொல்லி எழுத மறுக்கும்.

தீர்வு விண்டோஸ் பக்கம்தான். கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், 'சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ' என்று போய், 'டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' டிக்கை எடுங்கள். பிறகு அட்மினிஸ்ட்ரேட்டராகக் கமாண்ட் பிராம்ட் திறந்து, டி டிரைவுக்கு செக்டிஸ்க் (சி-எச்-கே-டி-எஸ்-கே) கட்டளையைச் சாய்கோடு எஃப் சேர்த்து ஓட்டுங்கள். சோதித்து, பழுதிருந்தால் திருத்தி, டர்ட்டி பிட்டை அதுவே அழிக்கும். முடிந்ததும் 'ரீஸ்டார்ட்' கொடுத்து லினக்ஸுக்கு வாருங்கள். ரீஸ்டார்ட்டில் விண்டோஸ் கர்னல் முழுதாக மூடிக்கொள்ளும். விண்டோஸின் பெரிய அப்டேட் ஒவ்வொன்றுக்கும் பிறகு அந்த டிக் மறுபடி விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

லினக்ஸிலேயே என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் கட்டளையைச் சிறிய டி விருப்பத்தோடு ஓட்டினால் பிட் அழியும், டிரைவ் திறக்கும். ஆனால் அது செக்டிஸ்க் போலப் பழுதை முழுதாகத் திருத்துவதில்லை, பெரும்பாலும் எச்சரிக்கைப் பலகையைத்தான் கழற்றுகிறது. கையில் விண்டோஸே இல்லாதபோது, முக்கியமானவற்றை 'ரீட் ஒன்லி' மவுன்ட்டில் நகலெடுத்த பிறகு செய்யலாம். மவுன்ட் கட்டளையின் 'ஃபோர்ஸ்' விருப்பமும் இதே வகைதான்.

கணினியே தொடங்காமல் 90 விநாடி காத்திருந்து 'எமர்ஜென்சி மோட்' என்று நின்றால், தொடங்கும்போது எந்தெந்த டிரைவைத் திறக்க வேண்டும் என்ற பட்டியலான எஃப்எஸ்டேப் கோப்பில் அந்த டிரைவின் வரியைப் பாருங்கள். அந்த வரியின் நான்காவது கட்டத்தில், அதாவது விருப்பங்கள் இருக்கும் இடத்தில், 'நோஃபெயில்' என்பதைக் காற்புள்ளியிட்டுச் சேர்த்தால், டிரைவ் திறக்காவிட்டாலும் கணினி தொடங்கும். எஸ்டிஏ, எஸ்டிபி போன்ற பெயர்கள் இருந்தால், ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் தனியாக உள்ள யூயூஐடி எண்ணுக்கு மாற்றிவிடுங்கள். டிஸ்க்குகள் கண்டறியப்படும் வரிசை மாறினால் அந்தப் பெயர்களும் மாறும்.

பதிவேட்டில் 'டர்ட்டி' இல்லாமல் 'ஐஓ எரர்' என்று திரும்பத் திரும்ப வந்தால் கதை வேறு. கேபிளை மாற்றிப் பாருங்கள். அப்படியும் வந்தால் டிஸ்க்கே பழுதாகிக்கொண்டிருக்கலாம். அப்போது செக்டிஸ்க் ஓட்டாதீர்கள், அது நலிந்த டிஸ்க்கை இன்னும் சுற்றவைக்கும். முதலில் பழுதான டிஸ்க்கிலிருந்து நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ என்ற கருவி கொண்டு முழு டிஸ்க்கையும் வேறொரு நல்ல டிஸ்க்குக்கு நகலெடுங்கள். சோதனையெல்லாம் அந்த நகலில் நடக்கட்டும்.