பாலிசியில் இருந்தது நாலு பேர்

"பாலிசிதான் இருக்குதுங்களே, அப்புறம் எனக்கு எதுக்குங்க நோட்டீஸ்?"

கோவை கணபதி பக்கம் பட்டறை வைத்திருப்பவர் அவர். பவர் பிரஸ்ஸில் ஒரு பையனுக்கு வலது கட்டைவிரல் போய்விட்டது. ஈடு, அதாவது இழப்பீடு கேட்டு அவருக்கு நோட்டீஸ் வந்திருந்தது. பையனுக்கு வயது 25. கவரிலிருந்து தொழிலாளர் இழப்பீட்டு இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்து மேசைமேல் வைத்தார். ஆட்கள் 4, மாதச் சம்பளம் தலைக்கு 8,000 என்று இருந்தது. பட்டறையில் வேலை பார்ப்பதோ ஏழு பேர். அந்தப் பையன் வாங்கியது 18,000. அந்தப் பாலிசி நான் போட்டுக் கொடுத்ததல்ல, ஆனால் இப்படிப்பட்ட பாலிசிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆர்டர் கொடுக்கும் கம்பெனி கேட்கிறதே என்று எடுப்பவை.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். வேலையின் போது, வேலையின் காரணமாக அடிபட்டால் ஈடு கொடுக்க வேண்டியவர் முதலாளி. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் சொன்னது அது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதையேதான் சொல்கிறது. அந்தப் பாரத்தை இன்சூரன்ஸ் கம்பெனி சுமப்பது நீங்கள் எழுதிக் கொடுத்த அளவுக்குத்தான். ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் இருக்கும் தொழிலாளிக்கு ஈடு அங்கிருந்து போய்விடும். பத்துப் பேருக்குக் குறைவான பட்டறைகளும், சம்பளம் 21,000-ஐத் தாண்டியவர்களும்தான் பெரும்பாலும் இந்தப் பாலிசிக்குள் வருகிறார்கள்.

அவருக்கு முன்னால் கால்குலேட்டரைத் தட்டினேன். நிரந்தர ஊனத்துக்குச் சம்பளத்தில் 60 சதவீதம், அதை வயதுக்கேற்பச் சட்டம் தரும் காரணி எண்ணால் பெருக்க வேண்டும். கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு உச்சவரம்பு 15,000. அதில் 60 சதவீதம் 9,000. 25 வயதுக்குக் காரணி 216.91. பெருக்கினால் 19,52,190. அது முழு ஊனத்துக்கான தொகை. கட்டைவிரல் இழப்புக்குச் சட்டத்தின் அட்டவணை சொல்வது அதில் 30 சதவீதம். ஆக 5,85,657 ரூபாய். பாலிசியில் உள்ள 8,000-ஐ வைத்துப் போட்டால் 3,12,350தான் வருகிறது. மீதி இரண்டே முக்கால் லட்சம் யார் தலையில்? அதுவும் அந்த நாலு பேரில் இந்தப் பையன் ஒருவன் என்று கம்பெனி ஒத்துக்கொண்டால். இழப்பை ஆராயக் கம்பெனி அனுப்பும் சர்வேயர் வந்ததும் முதலில் கேட்பது வருகைப் பதிவேடும் சம்பளப் பட்டியலும்தான்.

ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. தக்க காரணம் இல்லாமல் இழுத்தடித்தால் 50 சதவீதம் வரை அபராதம். அந்த அபராதத்தைப் பாலிசி கட்டாது.

கட்டுமான வேலை எடுத்துச் செய்பவர்களிடம் இன்னொன்றைப் பார்க்கிறேன். சாரத்திலிருந்து விழுந்து ஆள் இறந்துவிட்டால், ஊர்ப் பெரியவர் முன்னிலையில் இரண்டு லட்சத்தைக் கொடுத்து, ஸ்டாம்ப் பேப்பரில் 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று கையெழுத்து வாங்கிவிடுவார்கள். அந்தப் பேப்பர் செல்லாது. இறப்புக்கான ஈட்டைச் சட்டம் சொல்லும் அதிகாரியிடம்தான் (பழைய சட்டத்தில் ஆணையர்) செலுத்த வேண்டும். மூன்று மாதச் சம்பள அளவிலான முன்பணம் தவிர, குடும்பத்தின் கையில் நேரடியாகக் கொடுத்தது கணக்கில் வராது. சம்பளம் 15,000 உச்சவரம்பை எட்டிய 30 வயதுக்காரர் என்றால் தொகை 15,59,850. 'அவர் மேஸ்திரியோட ஆளுங்க' என்பதும் எடுபடாது. மேஸ்திரி வைத்த ஆளுக்கும் முதலில் கொடுக்க வேண்டியவர் வேலையை ஒப்படைத்தவர்தான். பிறகு மேஸ்திரியிடம் வசூலித்துக்கொள்ளலாம், அவரைக் கண்டுபிடிக்க முடிந்தால். பாலிசி எடுக்கும்போதே ஒப்பந்த ஆட்களையும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். மருத்துவச் செலவுக்குத் தனியாகப் பிரீமியம் கட்டினீர்களா என்றும் பாருங்கள். கையைத் தைத்த ஆஸ்பத்திரி பில்லும் உங்கள் பொறுப்பே.

வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும் என்று நினைக்காதீர்கள். தீபாவளிக்கு முன் ஆர்டர் குவிந்து நாலு பேர் ஏழாகும் வாரத்திலேயே ஏஜென்டுக்குப் போன் போட்டு பாலிசியில் அவர்களைச் சேர்த்ததற்கான எண்டார்ஸ்மென்ட் (திருத்தச் சீட்டு) வாங்கிவிடுங்கள். ஆகும் கூடுதல் பிரீமியம் சின்னத் தொகைதான்.

இதையெல்லாம் அவரிடமும் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுவிட்டு, எழும்போது குரலைத் தாழ்த்தினார்: "அந்த மூணு பேரையும் இப்பவே சேத்திரலாமுங்க. தேதி மட்டும் போன மாசம்னு போட முடியுங்களா?"