‘ஸ்பிட்’ என்பது திட்டு அல்ல, மணற்கோடி

தனுஷ்கோடியை ‘நீண்ட மணல் திட்டு’ என்று சொல்லும் பாடக்குறிப்பு மறுபடியும் கண்ணில் பட்டது. புவியியலில் ‘ஸ்பிட்’ (spit) என்ற ஆங்கிலச் சொல் வந்தாலே தமிழில் இப்படித்தான் எழுதுகிறார்கள்.

ஆங்கிலத்தில் அது இறைச்சி சுடும் கம்பியின் பெயர். கடலுக்குள் ஒடுங்கி நீளும் மணலுக்கும் அதுவே ஆகிவந்தது. எச்சிலைக் குறிக்கும் ‘ஸ்பிட்’டுக்கும் இதற்கும் உறவில்லை.

அலை கரையில் சாய்வாக ஏறி நேராக இறங்கும். ஒவ்வொரு தடவையும் மணல் கொஞ்சம் பக்கவாட்டில் நகரும். கரை உள்வாங்கித் திரும்பும் இடத்தில் மணல் கூடவே திரும்பாது. போன போக்கிலேயே போய், ஓட்டம் தளர்ந்ததும் படியும். அடி கரையோடு ஒட்டியிருக்க, நுனி கடலுக்குள் வளரும். கோதாவரி கொட்டிய வண்டலை அலைகள் வடக்கே தள்ளி, காக்கிநாடாவுக்கு எதிரே ஏறத்தாழ 16 கி.மீ. நீளத்துக்கு அப்படி ஒன்றை வளர்த்திருக்கின்றன.

சரி, இது எப்படித் திட்டாகும்? நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்தால்தான் திட்டு. கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால் முதலைமேடு திட்டுக்குப் படகில்தான் போகவேண்டும். தனுஷ்கோடிக்குக் கிழக்கே தலைமன்னார் வரை கடலில் தனித்தனியாகக் கிடப்பவற்றை ஒன்றாம் திட்டு, இரண்டாம் திட்டு என்று எண்ணிச் சொல்கிறார்கள். தீடை என்றும் சொல்வதுண்டு. தனுஷ்கோடியின் நுனியான அரிச்சல்முனை வரை பஸ்ஸில் போகலாம், அந்த இடத்தை யாரும் திட்டு என்பதில்லை. படகோட்டிக்குத் தெரிந்த வேறுபாடு மொழிபெயர்ப்பாளருக்குத் தெரியவில்லை. முன்னால் ‘நீண்ட’ என்று ஒட்டவைத்தால் சரியாகிவிடுமா? எவ்வளவு நீண்டாலும் திட்டு கரையைத் தொடாது.

‘முனை’ போதாதா என்பார்கள். குமரிமுனை பாறை, அலை கொண்டுவந்து சேர்த்தது அல்ல.

மணற்கோடி என்று சொல்லிப் பாருங்கள். தனுஷ்கோடியில் இருப்பது வில்லின் நுனியைக் குறிக்கும் வடசொல்தான், மறுக்கவில்லை. ஆனால் தெருக்கோடி, கடைக்கோடி என்று நாம் பேசாத நாள் உண்டா? கோடுதல் என்றால் வளைதல். இந்த மணலின் நுனியும் பெரும்பாலும் கொக்கிபோல உள்ளே வளைந்துதான் இருக்கும். இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

அகராதியை விரிப்பவர்கள் பக்கத்தில் ஒரு வரைபடத்தையும் விரித்தால் என்ன? கோடி வளர்ந்து எதிர்க்கரையைத் தொட்டுவிட்டால் அது மணல் தடுப்பு. அதன் பின்னால் அடைபட்ட நீர் நமக்குக் காயல், இலங்கையில் களப்பு. அந்தத் தடுப்பையும் ‘மணல் திட்டு’ என்றே எழுதிவைத்திருக்கிறார்கள். பரீட்சையில் பையன் எந்தத் திட்டை எழுதுவான்?