டீசல் எஞ்சின்தானே, கரண்ட் ஏது?

போன மாதமும் ஒரு பையன். யார்டில் ஒதுக்கி நிறுத்தியிருந்த பழைய ஆல்கோ எஞ்சின் மேல் ஏறிப் படம் எடுக்கப் போயிருக்கிறான். மேலே ரயில் மின்கம்பி; கரண்ட் அடித்துவிட்டது. கூட வந்தவன் அழுதுகொண்டே சொன்னான்: “டீசல் எஞ்சின்தானே சார், அதில் கரண்ட் ஏது?” டீசல் ஷெட்டில் வேலை பார்க்கும் எனக்கு இதைக் கேட்டுக் கேட்டு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.

இந்த நினைப்பு எப்படி வந்தது என்று புரிகிறது. டபிள்யூடிஎம்-2 என்ற அந்த ஆல்கோ வகை டீசல் எஞ்சின் நம் ஊர்களுக்கு வந்த காலம் அப்படி. 1962-ல் அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனியிலிருந்து முதல் வண்டிகள் வந்தன. 1964 ஜனவரியில் வாரணாசி தொழிற்சாலையிலிருந்து முதல் எஞ்சின் வெளியே வந்தது. ஆல்கோவே 1969-ல் எஞ்சின் கட்டுவதை நிறுத்திவிட்டது, வாரணாசி நிறுத்தவில்லை. 2,600 குதிரைத்திறன், ஆறு அச்சு, பயணி வண்டிக்கும் சரக்குக்கும் ஒரே எஞ்சின். இப்படி 2,000-க்கும் மேல் கட்டினார்கள். பொன்மலையிலும் ஈரோட்டிலும் அதன் சத்தம் கேட்டே வளர்ந்தவர்கள் உண்டு. அன்றைக்கு டீசல் எஞ்சின் ஓடிய தடங்களில் பெரும்பாலும் மேலே கம்பியே கிடையாது. கூரை மேல் ஏறி நின்றாலும் தலைக்கு மேல் வானம்தான்.

இன்றைக்கு அகலப்பாதையில் ஏறக்குறைய எல்லாத் தடத்திலும் கம்பி ஓடுகிறது. அதே பழைய எஞ்சின் அந்தக் கம்பிக்குக் கீழேதான் நிற்கிறது. எஞ்சின் டீசலா, மின்சாரமா என்று கம்பி பார்க்காது. அதில் எப்போதும் 25,000 வோல்ட். தொட வேண்டியதுகூட இல்லை; நெருங்கினாலே பாயும். வீட்டு கரண்ட் மாதிரி உதறிவிட்டுத் தப்பலாம் என்று நினைக்காதீர்கள். கம்பியில் மின்சாரத்தை நிறுத்தி, எர்த் போட்டு, அதற்கான அனுமதிச் சீட்டு கைக்கு வராமல் நாங்களே கூரையில் கால் வைப்பதில்லை.

இன்னொன்று. அது வெறும் டீசல் எஞ்சினும் இல்லை, டீசல்-மின்சார எஞ்சின். லாரியைப் போல எஞ்சின் நேராகச் சக்கரத்தைச் சுழற்றாது. 16 சிலிண்டரும் சேர்ந்து ஒரு ஜெனரேட்டரைச் சுழற்றும். அந்தக் கரண்டில் ஆறு மோட்டார்கள் ஓடும். அவைதான் சக்கரத்தைத் திருப்பும். அப்புறம் எப்படி ‘கரண்ட் இல்லாத வண்டி’?

எஞ்சின், வேகன், டேங்கர் எதுவானாலும் ஏணியில் கால் வைக்காதீர்கள். ‘நின்று துருப்பிடித்த வண்டி’ என்பதெல்லாம் சமாதானம் இல்லை. தண்டவாளம் அருகே செல்ஃபி குச்சி, இரும்புக் கம்பி, நீளமான குடை எதையும் உயர்த்தாதீர்கள். எஞ்சின் மேல் ஆசை இருந்தால் பிளாட்பாரத்தில் நின்று எடுங்கள், தம்பிகளா. அந்த நீள மூக்கு அங்கிருந்தும் அழகாகத்தான் தெரியும்.

யாராவது அடிபட்டுக் கிடந்தால் ஓடிப்போய்த் தூக்காதீர்கள். ஸ்டேஷன் மாஸ்டருக்கோ 139-க்கோ உடனே சொல்லுங்கள். கம்பியில் மின்சாரத்தை நிறுத்திவிட்டோம் என்று ரயில்வே ஆள் வாயால் சொன்ன பிறகுதான் கிட்டே போக வேண்டும்.