குளத்துக்குக் காவல் நிற்கிறவரின் கையில் என்ன இருக்கிறது? 'வெட்லாண்ட் மித்ரா' – ஒரு விளக்கம்

குளத்தில் லாரி லாரியாக மண் விழுகிறது. யாரிடம் சொல்வது? வில்லேஜ் ஆபீஸில் கேட்டால் நீர்வளத்துறை என்பார்கள். அங்கே போனால் பஞ்சாயத்து என்பார்கள். பஞ்சாயத்தில் தாசில்தாரைக் கைகாட்டுவார்கள். குமரி மாவட்டத்தில் குளத்துக்காக ஒருமுறையாவது மனு எழுதியவருக்கு இந்த அலைச்சல் பழக்கம்தான். அதைக் கொஞ்சமாவது குறைத்துக்கொள்ள, சட்டமும் திட்டமும் ஊர்க்காரருக்கு எந்த இடத்தைக் கொடுத்திருக்கின்றன என்று தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

ஈரநிலங்கள் (பாதுகாப்பு மற்றும் மேலாண்மை) விதிகளை ஒன்றிய அரசு 2017 செப்டம்பர் 26-ல் வெளியிட்டது. 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம்தான் இவற்றுக்குத் தாய்ச்சட்டம். விதிகளை எப்படிச் செயல்படுத்துவது என்பதற்கு 2020-ல் வழிகாட்டு நெறிமுறைகள் வந்தன. ஒவ்வொரு ஈரநிலத்துக்கும் நான்கு காரியங்கள் நடக்க வேண்டும் என்பது ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ஏற்பாடு: அந்த இடத்தைப் பற்றிய அடிப்படைக் குறிப்பு, அதன் நலத்தைக் காட்டும் ஆரோக்கிய அட்டை, உள்ளூர் ஆர்வலர்களைக் கொண்ட 'வெட்லாண்ட் மித்ரா' குழு, கடைசியாக மேலாண்மைத் திட்டம். மித்ரா என்றால் நண்பர். தமிழில் ஈரநில நண்பர் என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஈரநிலம் என்றதும் சதுப்பும் சேறும்தான் நினைவுக்கு வரும். நம் மாவட்டத்தில் ஏரி என்ற சொல்கூடப் புழக்கத்தில் இல்லை, எல்லாமே குளம்தான். ஆனால் அரசாங்க மொழியில் தேரூர் குளமும் ஈரநிலம்தான்.

மித்ரா ஆவதற்குப் பட்டமோ வயது வரம்போ சொல்லப்படவில்லை. விவசாயி, மீன் பிடிக்கிறவர், பறவை பார்க்கிறவர், பள்ளி ஆசிரியர், கரையில் மாடு மேய்க்கிறவர் என யாரும் சேரலாம். சம்பளம் கிடையாது. யாரையும் தடுக்கவோ, வண்டியை மடக்கவோ, அபராதம் போடவோ அதிகாரமும் கிடையாது. இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடையாள அட்டை கிடைத்ததும் லாரியை மறிக்கப் போய் வம்பில் மாட்டிக்கொள்கிறவர்கள் எந்த ஊரிலும் உண்டு. இந்தப் பெயரால் கிடைக்கும் பயன் வேறு. குளத்தைப் பற்றி நீங்கள் எழுதிவைக்கும் கணக்கு, வனத்துறையும் மாநில ஈரநில ஆணையமும் எடுத்துப் பார்க்கக்கூடிய கணக்காக ஆகலாம். சேர விரும்புகிறவர்கள் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட வன அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்பது நேர் வழி. 2021 அக்டோபர் 2-ல் அமைச்சகம் தொடங்கிய இந்திய ஈரநிலங்கள் வலைத்தளத்தையும் பார்க்கலாம்.

உங்கள் குளம் விதிக்குள் வருமா?

குழப்பம் பெரும்பாலும் இங்கேதான். 2017 விதிகளில் ஈரநிலம் என்பதற்குக் கொடுத்துள்ள விளக்கத்தில் ஆற்றுப்படுகை, நெல்வயல் ஆகியவை சேராது. குடிநீருக்காகவோ, மீன் வளர்ப்பு, உப்பு உற்பத்தி, பாசனம் இவற்றுக்காகவோ மனிதர் கட்டியதும் சேராது. குமரிக் குளங்கள் பெரும்பாலும் பாசனத்துக்காக மனிதர் வெட்டியவை. அப்படியானால் எல்லாம் வெளியேதானா?

இல்லை. ஈரநிலங்களைக் காக்க நாடுகள் சேர்ந்து செய்துகொண்ட ராம்சார் ஒப்பந்தப்படி பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற ஈரநிலம் என்று அறிவிக்கப்பட்டால் விதிகள் நேரடியாகப் பொருந்தும். நம் மாவட்டத்தில் அப்படி இரண்டு இடங்கள் 2022-ல் பட்டியலில் ஏறின. ஒன்று சுசீந்திரம் தேரூர் ஈரநிலத் தொகுதி, 94.23 ஹெக்டேர். இன்னொன்று வேம்பனூர் ஈரநிலத் தொகுதி, 19.75 ஹெக்டேர். இரண்டுமே மனிதர் வெட்டிய குளங்கள்தான். பாசனத்துக்கு வெட்டிய குளத்துக்கு மத்திய ஆசியாவிலிருந்து பறவை வந்து இறங்கியதால் உலகப் பட்டியலில் இடம் கிடைத்தது என்று சொன்னால் மிகையில்லை.

இந்த இரண்டுக்கும் வெளியே உள்ள குளங்களுக்கு வேறு துணை இருக்கிறது. இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் தயாரித்த தேசிய ஈரநில வரைபடத்தில் 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்டவை என்று கணக்கிடப்பட்ட 2,01,503 ஈரநிலங்களுக்கு, பழைய 2010 விதிகளின் நான்காம் விதியில் உள்ள தடைகளின் கோட்பாடுகள் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2017 பிப்ரவரி 8-ல் உத்தரவிட்டது. 2.25 ஹெக்டேர் என்றால் ஏறக்குறைய ஐந்தரை ஏக்கர். நம் பக்கத்துப் பெரிய குளங்கள் இதைத் தாண்டிவிடும். மனுவில் இந்த உத்தரவைக் குறிப்பிட்டால் பேச்சின் தொனி மாறும்.

என்ன செய்யக் கூடாது என்பதில் விதி கறாராக இருக்கிறது. ஈரநிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவது, எவ்வகை ஆக்கிரமிப்பும், புதிய தொழிற்சாலை அமைப்பது, இருப்பதை விரிவாக்குவது, குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டுவது, சுத்திகரிக்காத கழிவுநீரை விடுவது, வேட்டையாடுவது எல்லாம் தடை. ஊராட்சிச் சாக்கடையும் இந்தக் கழிவுநீரில் அடங்கும், அதைப் பலர் கவனிப்பதில்லை. அத்துடன் விதிகள் வந்த நாளிலிருந்து கணக்கிட்ட கடந்த பத்தாண்டு வெள்ளத்தின் சராசரி உயர்மட்டக் கோட்டிலிருந்து 50 மீட்டருக்குள் படகுத்துறை தவிர நிரந்தரக் கட்டுமானம் எதுவும் கூடாது. தண்டனையில் 2024 ஏப்ரல் 1 முதல் மாற்றம் வந்திருக்கிறது. முன்பு சிறைத்தண்டனை இருந்த இடத்தில் இப்போது 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம். சிறையை எடுத்தது எனக்குப் பிடிக்கவில்லைதான். ஆனால் 15 லட்சம் என்றால் லாரி உரிமையாளர் கொஞ்சம் யோசிப்பார்.

யாருடைய குளம்?

மனு எழுதும் முன் இதைத் தெரிந்துகொண்டால் அலைச்சலில் பாதி தீர்ந்தது. கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் 'அ' பதிவேட்டில் குளத்தின் சர்வே எண்ணும் பரப்பும் இருக்கும். தமிழக அரசின் இணையச் சேவையில் நீங்களே எடுத்தும் பார்க்கலாம். பொதுவாகத் தமிழ்நாட்டில் ஆயக்கட்டு, அதாவது குளத்து நீர் பாயும் நிலப்பரப்பு, 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத்துறை, அதற்குக் கீழ் என்றால் ஊராட்சி ஒன்றியம். ஆனால் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளிலிருந்து சானல் வழியாக நீர் பெறும் கோதையாறு பாசனக் குளம் சிறியதாக இருந்தாலும் நீர்வளத்துறை வசம் இருக்கலாம். அளவை மட்டும் பார்த்து முடிவு செய்துவிட வேண்டாம். 2021 வரை பொதுப்பணித்துறையின் ஒரு பிரிவாக இருந்ததுதான் இப்போதைய நீர்வளத்துறை. பழைய ஆவணங்களில் பழைய பெயரே இருக்கும்.

நீர்வளத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ள குளமானால் 2007-ஆம் ஆண்டின் தமிழ்நாடு குளங்கள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் பொருந்தும். குளத்தை அளந்து எல்லையை வரையறுப்பது அதிகாரியின் கடமை என்று அந்தச் சட்டம் சொல்கிறது. ஆகவே 'ஆக்கிரமிப்பை அகற்றுங்கள்' என்று மட்டும் எழுதாமல், 'இந்தச் சட்டப்படி எல்லையை அளந்து கல் நடுங்கள்' என்று கேளுங்கள். எல்லைக்கல் இல்லாத குளத்தில் ஆக்கிரமிப்பை நிரூபிப்பது கடினம். மீன்பாசிக் குத்தகை (மீன் பிடிக்கும் உரிமை), தாமரைக் குத்தகை யாரிடம் இருக்கிறது, குத்தகை நிபந்தனைகள் என்ன என்பதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தாமரை அழகுதான். ஆனால் குளம் முழுக்க மூடிக்கொண்டால் அடியில் இருக்கும் தண்ணீருக்கு வெளிச்சம் போகாது, மருந்தடித்தால் மீனுக்கும் ஆபத்து.

சுசீந்திரம், தேரூர், மணக்குடி பகுதிக்கு இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இடம். அத்தகைய காப்பகத்தின் மேலாண்மைக் குழுவில் அங்குள்ள ஒவ்வொரு கிராம ஊராட்சிக்கும் ஒரு பிரதிநிதி, வனவிலங்குப் பாதுகாப்பில் வேலை செய்யும் தன்னார்வ அமைப்புகளிலிருந்து மூன்று பேர், வேளாண், கால்நடைத் துறைகளிலிருந்து ஒவ்வொருவர் இருக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் ஊராட்சியின் பிரதிநிதி யார், குழு கடைசியாக எப்போது கூடியது என்று கேட்பது உங்கள் உரிமை.

எதை எழுதிவைப்பது?

ஆர்வலருக்கு உண்மையான வேலை இதுதான். ஒரு நோட்டுப் புத்தகம், ஒரே இடத்திலிருந்து மாதம் ஒருமுறை எடுத்த படம், ஒரு கயிறு, ஒரு தட்டு போதும். தட்டு என்றால் 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தகடு, நான்கு பாகமாகக் கருப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றிப் பூசியது. செக்கித் தட்டு என்று பெயர். அளவு குறித்த கயிற்றில் கட்டிக் குளத்தில் இறக்குங்கள். கண்ணுக்கு மறையும் ஆழத்தையும், மேலே இழுக்கும்போது திரும்பத் தெரியும் ஆழத்தையும் குறித்து இரண்டின் சராசரியை எடுங்கள். வெயில் நன்றாக இருக்கும் முற்பகல் பத்து மணிக்கு மேல், படகின் அல்லது படித்துறையின் நிழல் விழும் பக்கத்தில் செய்வது வழக்கம். மழைக்குப் பின் செம்மண் கரைந்து ஆழம் குறைந்தால் கவலைப்பட வேண்டாம். ஆனால் கோடையில் தண்ணீர் பச்சையாகி ஆழம் வாரத்துக்கு வாரம் குறைந்தால், எங்கிருந்தோ உரமோ சாக்கடையோ வந்து சேர்கிறது என்று சந்தேகிக்கலாம்.

மீன் செத்து மிதப்பது பெரும்பாலும் விடியற்காலையில்தான். இரவில் பாசியும் செடியும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும், திருப்பிக் கொடுக்க வெளிச்சம் இல்லை. அதனால் தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் சூரியன் உதிக்கும் முன் மிகக் குறைவாக இருக்கும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டில் மீனுக்கும் வன உயிருக்கும் ஏற்ற நீரில் இது லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. குளிக்க ஏற்ற நீரில் 5. அளக்கப் போவதானால் காலை ஐந்தரைக்கே போங்கள். மதியம் அளந்த எண் நல்லதாகத்தான் வரும், அது எதையும் நிரூபிக்காது. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வழங்கும் பரிசோதனைப் பெட்டி குடிநீருக்கானது, அதில் ஆக்சிஜன் அளவு பார்க்க வழி இல்லை. கல்லூரி வேதியியல் துறையோ உயிரியல் துறையோ உதவினால் நல்லது.

பறவைக் கணக்கும் சேரட்டும். நத்தைகுத்தி நாரை, இலைக்கோழி, நீலத் தாழைக்கோழி எத்தனை என்று ஒரே நாளில், ஒரே நேரத்தில் எண்ணுங்கள். ஆகாயத்தாமரை குளத்தில் எவ்வளவு பரப்பு மூடியிருக்கிறது என்பதையும் குறிக்கலாம். ஆரோக்கிய அட்டையிலும் பரப்பு, நீர்வரத்து, நீரின் தரம், பறவைகள், அயல் செடிப் பரவல் போன்றவைதான் பார்க்கப்படுகின்றன. உயர்ந்த வெள்ளத்தின் போது நீர் எட்டிய இடத்தைத் தேதியோடு படம் எடுத்துவையுங்கள். 50 மீட்டர் எங்கிருந்து அளப்பது என்ற சண்டை வரும் நாளில் அந்தப் படம் பேசும்.

கை வைக்கக் கூடாதவை சில உண்டு. ஆர்வத்தில் தூர் வாரிவிடாதீர்கள். குளத்து மண் அரசுடைமை. அரசிதழில் அறிவித்த குளங்களில், அனுமதி பெற்றால் மட்டுமே எடுக்கலாம். 2024 ஜூன் முதல் வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்றாகியிருக்கிறது. நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர், கட்டணம் இல்லை. கரையில் மரம் நடுவதும் பொறியாளரைக் கேட்டபின்தான், வேர் வழியாகக் கசிவு வந்து கரை உடையும். குத்தகையில் உள்ள தாமரையையும் மீனையும் தொட்டால் திருட்டு வழக்கு உங்கள் மேல்தான் வரும்.

மனு எங்கே போக வேண்டும்?

அவசரம் என்றால் காவல் நிலையமும் வருவாய்த் துறையும். கழிவுநீர் என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். மற்றவற்றுக்குத் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் நாள், மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள், முதல்வரின் முகவரி 1100. நான் அதிகம் நம்புவது கிராம சபையை. 2022 முதல் ஆண்டுக்கு ஆறு கூட்டம். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், நவம்பர் 1 உள்ளாட்சி தினம் இரண்டும் புதிதாகச் சேர்ந்தவை. நவம்பர் 1 குமரி மாவட்டம் 1956-ல் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்த நாளும்கூட. கூட்டம் நிறையும் நாள் அது, குளத் தீர்மானத்துக்குப் பொருத்தம். தீர்மானத்தில் ஊராட்சியின் உயிர்ப்பன்மை மேலாண்மைக் குழுவைப் பற்றியும் கேளுங்கள். 2002-ஆம் ஆண்டின் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் அது இருக்க வேண்டும், ஊரின் உயிர்ப்பன்மைப் பதிவேட்டை அது எழுதிவைக்க வேண்டும். உங்கள் நோட்டுப் புத்தகம் போய்ச் சேர வேண்டிய இடம் அந்தப் பதிவேடு.

பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு. 'நடவடிக்கை எடுத்தீர்களா' என்று கேட்டால் 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு வரி வரும். 'என் மனு எந்தத் தேதியில் யாரிடம் போனது, கள ஆய்வு அறிக்கையின் நகல், குளத்தின் எல்லை வரைபட நகல்' என்று ஆவணமாகக் கேளுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். பிரச்சினை எழுந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். மண் விழுந்த முதல் நாளின் தேதி உங்கள் நோட்டில் இருந்தால்தான் அந்த ஆறு மாதத்தை எண்ணத் தொடங்க முடியும்.