பூவை இலையாக்கும் நோயும் இலையைப் பூவாக்கிய ஆய்வும்

விருத்தாசலம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "எள் விதைத்து ஐம்பது நாள் ஆகிறது. வயல் நன்றாகப் பூத்திருக்கிறது. ஆனால் அங்கங்கே சில செடிகளில் பூ வர வேண்டிய இடத்தில் பச்சைப் பசேலென்று இலைக்கொத்து நிற்கிறது. ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்கிறார் மாமியார். இது என்னவென்று சொல்வீர்களா?"

முதலில் வயலுக்கு வேண்டிய பதில். இது பூ இலையாகும் நோய். காரணம் பைட்டோபிளாஸ்மா என்னும் பாக்டீரியா. செல் சுவர் கிடையாது, செடிக்குள் சர்க்கரை ஓடும் புளோயக் குழாய்களில் குடியிருக்கும். 1967-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டுபிடிக்கும்வரை இத்தகைய நோய்களுக்கெல்லாம் வைரஸ்தான் காரணம் என்று நினைத்திருந்தார்கள். நோயுள்ள செடியில் சாறு குடித்த தத்துப்பூச்சி, அடுத்த செடியில் வாய் வைக்கும்போது பாக்டீரியாவையும் இறக்கிவிடுகிறது. நோய் கண்ட செடியைப் பிழைக்க வைக்க வழியில்லை. பிடுங்கி அழித்துவிட வேண்டும். தத்துப்பூச்சியைக் கட்டுப்படுத்த என்ன தெளிப்பது, எப்போது தெளிப்பது என்று வட்டார வேளாண் அலுவலரிடம் கேளுங்கள்.

எனக்கு இந்தக் கேள்வியில் பிடித்தது வேறொன்று. நோய் வந்த பூ அழுகலாம், கருகலாம், உதிரலாம். இது இலையாக அல்லவா மாறுகிறது? வேராகவோ முள்ளாகவோ மாறாமல் ஏன் இலையாக?

ஜெர்மானியக் கவிஞர் கெத்தே 1790-இல் இதற்கு ஒரு விடையை வெளியிட்டார்: பூவின் உறுப்புகள் அத்தனையும் இலையின் மாற்றுருவங்கள். கண்ணால் பார்த்துச் சொன்ன அந்தக் கருத்து சரிதானா என்று சோதிக்க மரபியல் வளர வேண்டியிருந்தது. ஏறத்தாழ 200 ஆண்டுகள் ஆயின.

1980-களில் இரண்டு கூட்டத்தார் தனித்தனியே இதில் இறங்கினார்கள். கலிஃபோர்னியாவின் கால்டெக் தொழில்நுட்பக் கழகத்தில் எலியட் மெயரோவிட்ஸ் குழுவினர் அராபிடாப்சிஸ் என்ற சிறு களைச்செடியை எடுத்துக்கொண்டார்கள். கடுகின் உறவுக்காரச் செடி, ஆறு வாரத்தில் விதை தந்துவிடும். இங்கிலாந்தின் நார்விச் நகரில் ஜான் இன்னஸ் ஆய்வு நிறுவனத்தில் என்ரிகோ கோயனும் ரோஸ்மேரி கார்ப்பென்டரும் ஆன்டிரினத்தை எடுத்துக்கொண்டார்கள். கன்னத்தை அழுத்தினால் வாய் திறக்கும் அந்தப் பூவை ஊட்டிப் பாத்திகளில் பார்த்திருப்பீர்கள். அதற்கு ஒரு விசேஷ குணம் உண்டு. அதன் டி.என்.ஏ.யில் இடம்விட்டு இடம் தாவும் துண்டுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று, செடியை 25 டிகிரிக்குப் பதில் 15 டிகிரி குளிரில் வளர்த்தால் சுமார் ஆயிரம் மடங்கு அதிகமாகத் தாவும். தாவிய துண்டு ஒரு மரபணுவின் நடுவில் விழுந்தால் அந்த மரபணு வேலை செய்யாது. கார்ப்பென்டரும் கோயனும் செடிகளைக் குளிரில் வளர்த்து, அவற்றின் வாரிசுகளை ஆயிரக்கணக்கில் நட்டு, பூ கோணலாக வந்தவற்றைப் பொறுக்கினார்கள்.

இரண்டு செடிகளும் உறவில் வெகு தூரம். ஆனாலும் இரண்டிலும் ஒரே மாதிரியான கோணல்கள்தான் வந்தன. 1991-இல் கோயனும் மெயரோவிட்ஸும் சேர்ந்து நேச்சர் இதழில் எழுதிய விளக்கம் இன்று ஏ-பி-சி மாதிரி என்று பாடப்புத்தகங்களில் இருக்கிறது. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பூவில் நான்கு வட்டங்கள் என்பது பள்ளியில் படித்தது: வெளியே புல்லி, அடுத்து அல்லி (நாம் இதழ் என்பது), பிறகு மகரந்தத்தாள், நடுவில் சூலகம். நான்குக்கும் சேர்த்து மரபணு வேலைகள் மூன்றே; அவற்றுக்கு ஏ, பி, சி என்று பெயர். ஏ தனியாக நடந்தால் புல்லி. ஏயும் பியும் சேர்ந்தால் அல்லி. பியும் சியும் சேர்ந்தால் மகரந்தத்தாள். சி மட்டும் என்றால் சூலகம். கூடவே ஒரு விதி: ஏ இருக்கும் இடத்தில் சி தலைகாட்டாது, சி இருக்கும் இடத்தில் ஏ தலைகாட்டாது. ஒன்று அழிந்தால் அதன் இடத்தையும் மற்றது பிடித்துக்கொள்ளும்.

இப்போது தாளை எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள். பி போய்விட்டால்? வெளியிலிருந்து புல்லி, புல்லி, சூலகம், சூலகம். அப்படியே ஒரு பூ இரண்டு செடியிலும் கிடைத்திருக்கிறது. சி போய்விட்டால்? ஏ உள்ளே வரை பரவும். புல்லி, அல்லி, அல்லி, அதற்குள் மறுபடி புல்லியில் தொடங்கும் இன்னொரு பூ, அதற்குள் இன்னொன்று. பூவின் வளர்ச்சியை நிறுத்தச் சொல்வதும் சி-யின் பொறுப்பு என்பதால் இந்தப் பூவுக்கு முடிவே தெரியாது. மூன்று எழுத்துகளையும் ஒரே ஒரு விதியையும் வைத்துக்கொண்டு, எந்தெந்த மரபணு கெட்டால் எந்தப் பூ வரும் என்று முன்கூட்டியே எழுதிவைத்துவிடலாம். செடியை வளர்த்துப் பார்த்தால் அதுவே வருகிறது. உயிரியலில் இவ்வளவு துல்லியமான கணக்கு அபூர்வம். எத்தனை முறை படித்தாலும் எனக்கு இதில் வியப்பு தீரவில்லை. (ஏ பகுதி மட்டும் மற்றச் செடிகளில் இவ்வளவு சுத்தமாகப் பொருந்துவதில்லை. பியும் சியும் பெரும்பாலும் பொருந்துகின்றன.)

சி குறைந்த பூக்கள் நமக்குப் புதிதல்ல. காட்டு ரோஜாவுக்கு ஐந்தே இதழ். தோட்ட ரோஜாவின் அடுக்கடுக்கான இதழ்களில் சி மரபணு வேலை செய்யும் பரப்பு மையத்தை நோக்கிச் சுருங்கியிருப்பதை 2010-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் காட்டினார்கள். சீனத்திலும் ஐரோப்பாவிலும் தோட்டக்காரர்கள் தனித்தனியே தேர்ந்தெடுத்து வளர்த்த ரோஜாக்கள் இரண்டிலும் இதே மாற்றம்தான் நடந்திருக்கிறது. வீட்டில் அடுக்குச் செம்பருத்தி இருந்தால் ஒரு பூவைப் பிரித்துப் பாருங்கள். நடுவிலுள்ள இதழ்கள் சிலவற்றின் ஓரத்தில் மகரந்தப்பை ஒட்டிக்கொண்டிருக்கும். மகரந்தத்தாள் பாதி வழியில் இதழாகியிருப்பதை அங்கே கண்ணாலேயே பார்க்கலாம்.

மூன்றையும் ஒருசேர எடுத்துவிட்டால்? நான்கு வட்டத்திலும் இலை போன்ற உறுப்புகளே வந்தன. கெத்தே சொன்னது சரி. ஆனால் தலைகீழாகவும் நடக்க வேண்டுமே? இலையில் ஏயையும் பியையும் வலுக்கட்டாயமாக இயக்கினால் அது இதழாக வேண்டும். செய்து பார்த்தார்கள், ஆகவில்லை. இன்னும் ஏதோ ஒன்று குறைந்தது. 2000-இல் சான் டியேகோவில் மார்ட்டின் யானோஃப்ஸ்கியின் ஆய்வகம் அதைக் கண்டுபிடித்தது. செபல்லாட்டா என்ற மரபணுக் குடும்பம் அது. மறு ஆண்டே அவர்களும், ஜப்பானில் ஹொன்மா, கோட்டோ என்ற இருவரும் செபல்லாட்டாவையும் சேர்த்து இயக்கினார்கள். அராபிடாப்சிஸின் இலைகள் இதழாக விரிந்தன. ஜப்பானியர்கள் இலையை மகரந்தத்தாள் போலவும் மாற்றிக் காட்டினார்கள்.

இந்த மரபணுக்களிலிருந்து வரும் புரதங்கள் நான்கு நான்காகக் கைகோத்து டி.என்.ஏ.யை இரண்டு இடங்களில் பற்றி, இடைப்பட்ட பகுதியை வளைத்துப் பிடிக்கின்றன. நால்வர் தோள் கொடுத்தால் கிளம்பும் பல்லக்கு இது. செபல்லாட்டா இல்லாமல் நால்வர் கூட மாட்டார்கள்.

விருத்தாசலத்து வாசகிக்கான முழு விடை இங்கேதான் இருக்கிறது. ஒருவகை பைட்டோபிளாஸ்மா, சாப்54 என்ற சிறு புரதத்தைச் செடிக்குள் விடுகிறது. செடியிடம் கழிவுப் புரதங்களை அரைத்து அழிக்கும் சொந்த இயந்திரம் ஒன்று உண்டு. சாப்54, பூவைத் தீர்மானிக்கும் அந்தப் புரதங்களைப் பிடித்து, செடியின் உதவியாளான ராட்23 வழியாக அந்த இயந்திரத்துக்குள் தள்ளிவிடுகிறது. புரதம் போனால் கட்டளை போயிற்று, உறுப்பு இலையாகவே வளர்கிறது. இதைக் கண்டுபிடித்தது சாஸ்கியா ஹோகன்ஹவுட்டின் குழு, அதே நார்விச்சில், அதே நிறுவனத்தில். சாப்54 உள்ள செடிகளில் தத்துப்பூச்சி அதிக விருப்பத்தோடு முட்டையிடுவதையும் அவர்கள் 2014-இல் காட்டினார்கள். பூச்சியை ஈர்ப்பது இலையாகிப்போன பூதான் என்று முதலில் கருதினார்கள். 2016-இல் அவர்களே மறுபடி சோதித்தபோது, பூ மாறாத செடியிலும் அந்த ஈர்ப்பு இருந்தது.

மாமியாரை நான் குறை சொல்ல மாட்டேன். பக்கத்துச் செடி பூத்துக் குலுங்கும்போது ஒன்று மட்டும் இப்படி மாறினால் யாருக்கும் மனம் பதறும். பதற்றத்தைக் காசாக்கி, பரிகாரம் என்று பணம் வாங்குகிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். பரிகாரத்துக்கு நாள் பார்க்கும் ஒவ்வொரு வாரமும் தத்துப்பூச்சி அடுத்த வரிசைக்குப் போய்விடுகிறது.

இன்னொரு கோபமும் உண்டு. யாரும் தின்னாத, விற்காத ஒரு களைச்செடியின் பூவை ஆராய்வதற்குப் பணமா என்று கேட்கிறவர்கள் நம் நாட்டில் நிறைய. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1 விழுக்காட்டைக்கூட ஆராய்ச்சிக்கு ஒதுக்காத நாடு இது. அந்தச் சொற்பத்திலும் "என்ன பயன்?" என்ற கேள்விக்கு உடனே பதில் வைத்திருப்பவர்களுக்கே முன்னுரிமை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் உஷா விஜயராகவனின் குழு, செபல்லாட்டாவின் உறவான ஓஎஸ்மேட்ஸ்1 என்ற மரபணுவை நெல்லில் நீண்ட காலமாக ஆராய்ந்துவருகிறது. அதைக் குறைத்தால் நெற்பூவைப் பொதிந்திருக்கும் இரண்டு உமிகளும் தம் தன்மையை இழந்து இலைபோல் ஆகிவிடுகின்றன, உள்ளுறுப்புகளும் குலைகின்றன. உமி எவ்வளவு பெரிதோ அதற்குள்தான் அரிசி வளர முடியும். 2018-இல் சீன ஆய்வாளர்கள் நீண்டு மெலிந்த அரிசி தரும் ஒரு நெல்லில் அதற்குக் காரணமான மாற்றத்தைத் தேடிப்போனபோது, அது இந்த ஓஎஸ்மேட்ஸ்1 மரபணுவில்தான் இருந்தது.